வாவி நீரும் பயறும்: ஒரு மாணவர் பரிசோதனையைத் திட்டமிடல்

மட்டக்களப்பில் விஞ்ஞானச் செயற்றிட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு, உவர்நீர் பயறு விதைகளின் முளைத்தலை எவ்வாறு பாதிக்கிறது என்பதையே நான் பரிந்துரைப்பேன். வாவி நீர் பயிருக்குக் கூடாதா என்று பொதுவாகக் கேட்காமல், உப்பின் செறிவு கூடும்போது முளைக்கும் விதைகளின் சதவீதம் குறைகிறதா என்று அளக்கக்கூடிய வினாவாகக் கேட்க வேண்டும்.

வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தடியில் அள்ளிய நீரை மட்டும் நம்புவது சரியன்று. வடகீழ்ப் பருவ மழையின்போதும் முகத்துவாரம் கடலுக்குத் திறந்திருக்கும்போதும் வாவியின் உவர்த்தன்மை வெகுவாக மாறுவதால், இன்று கிடைத்த பெறுபேற்றை இன்னொரு மாதத்தில் மீளப் பெறுவது கடினம். ஆகவே, காய்ச்சி வடித்த நீரில் லீற்றருக்கு 0, 2, 4, 6, 8 கிராம் கறியுப்பு என்ற அளவில் கரைசல்களைத் தயாரித்து, வாவி நீரை மேலதிக மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். உப்பற்ற நீரே கட்டுப்பாடு, அதாவது மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி. ஒரே பொதியிலிருந்து எடுத்த விதைகள், ஒரே அளவு நீர், ஒரே இடம், ஒவ்வொரு செறிவுக்கும் 20 விதைகள் வீதம் மூன்று தட்டுகள்: இவற்றில் எதையும் குறைக்கக் கூடாது. தட்டுகளை மூடாவிட்டால், நம் ஊர் வெக்கையில் நீர் ஆவியாகி உப்பின் செறிவு நாளுக்கு நாள் ஏறிவிடும்.

முளைவேர் 2 மில்லிமீற்றர் நீண்டால்தான் முளைத்ததாகக் கொள்வோம் என முன்கூட்டியே வரையறுத்து, நாள்தோறும் அதே நேரத்தில் எண்ணி, அப்போதே கொப்பியில் பேனாவால் எழுதுங்கள். எதிர்பார்ப்புக்கு மாறான தட்டை (பெற்றோரே செய்துகொடுக்கும் செயற்றிட்டங்களில் அது எப்படியோ காணாமற்போய்விடுகிறது) நீக்காமல் வரைபில் குறித்து, அதற்கான சாத்தியமான காரணத்தைக் கலந்துரையாடல் பகுதியில் விளக்க வேண்டும்.