பத்து நாள் ஓய்வு

காரைக்குடியில் பனிக்கட்டி வேண்டுமென்றால் மீன் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் எங்கள் வீட்டு வளவில் நேற்று முழுக்க ஐஸ் ஹாக்கி வழக்குதான். இறுதிச் சுற்றுக்கு முன் நீண்ட ஓய்வு நல்லது என்கிறான், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தம்பி மகன். எனக்கு ஒப்பவில்லை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பையின் 2003 இறுதிச் சுற்றில் அனாஹைம் அணி பத்து நாள் ஓய்வெடுத்து வந்து, முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் 3-0, 3-0 என்று தோற்றது; கோப்பையும் போனது. 2019இல் பாஸ்டன் அணிக்கும் அதே பத்து நாள். தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடிப் பார்த்தார்கள். முதல் ஆட்டத்தை வென்றும், கடைசி ஆட்டமான ஏழாவதில் சொந்த ஊரிலேயே செயின்ட் லூயிஸிடம் வீழ்ந்தார்கள். காயம் ஆறும், சரி. கோல்காப்பாளரின் கண்ணும் கையும் ஆட்டச் சூட்டை மறந்துவிடுமே!

"ஏழாவது ஆட்டத் தோல்விக்கும் ஓய்வுதான் காரணமா பெரியப்பா?" என்று மடக்கிவிட்டான். கெட்டிக்காரப் பயல்.