ஏட்டில் இல்லாத புள்ளி

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாள் எங்கள் மேடம் சொன்னது, "உங்க கைதான் உங்களுக்கு எதிரி." நாங்கள் ஆராய்வது ஆர்என்ஏ, செல்லுக்குள் டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் மூலக்கூறு. அதைத் துண்டு துண்டாக்கும் ஆர்என்ஏஸ் என்ற நொதி நம் தோலிலும் வியர்வையிலும் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் ஆறியபின் மறுபடி மடிந்து வேலையைத் தொடங்கிவிடும். கையுறையோடு மூக்கைச் சொறிந்தால் அந்தக் கையுறை குப்பைக்குத்தான்.

ஆனால் முதலில் என்னைக் கவிழ்த்தது கை இல்லை, காற்று. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரப்பரும் வாழையும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்தன. எங்கள் பக்கம் கரண்டு வர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. கடலுக்குப் போனவர்களைத் தேடி ஊரே கரையில் நிற்கும்போது, மைனஸ் 80 ஃப்ரீசரில் இருந்த ஆர்என்ஏ குழாய்களைப் பற்றி யாரிடம் புலம்புவது? பிறகு ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். கெடாமல் இருந்தால் பளிச்சென்று இரண்டு கோடு தெரிய வேண்டிய இடத்தில், அழுத கண்ணில் மை கலைந்த மாதிரி ஒரே தீற்றல்.

சரி, முதலிலிருந்து. புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து ஹீலா என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்களை வரவழைத்தோம். நாங்கள் தேடியது எம்-சிக்ஸ்-ஏ என்ற சின்னக் குறி. ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினினில், ஆறாம் இடத்து நைட்ரஜன்மேல் ஒரு மெத்தில் ஒட்டியிருக்கும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவில் இது இருப்பது 1974லேயே தெரியும். மெட்டில்3 என்ற நொதி ஒட்டுகிறது. எஃப்டிஓ என்ற நொதி அதை எடுத்துவிடவும் செய்கிறது என்று 2011ல்தான் தெரிந்தது. எழுத்து மாறாது. ஆனால் அந்தத் தூது செல்லுக்குள் எவ்வளவு நேரம் தாங்கும், எவ்வளவு புரதம் செய்யும் என்பதெல்லாம் மாறும்.

இத்தனை முக்கியமானது ஏன் இவ்வளவு காலம் ஓரமாகக் கிடந்தது? எனக்கு விளங்கியது எங்கள் தாத்தாவின் ஏட்டுக்கட்டை வைத்துத்தான். அவர் வர்ம ஆசான். அந்த ஓலைகளில் புள்ளியே கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்களாம். 'கல' என்று இருந்தால் அது கல்லா, கலக்கச் சொல்கிறதா? 'எடு' என்பது எடுவா, ஏடா? தாத்தாவுக்குக் குழப்பமே வராது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தால் தைலம் விஷமாகிவிடும்.

நாங்கள் ஆய்வகத்தில் செய்வதும் ஏடு படியெடுப்பதுதான். ஆர்என்ஏவை நேரடியாக வாசிப்பது கஷ்டம் என்று டிஎன்ஏவாகப் படியெடுப்போம். மெத்தில் ஒட்டிய அடினினும் ஒட்டாத அடினினும் படியெடுக்கும் நொதிக்கு ஒன்றுதான். படி அச்சாக இருக்கும். புள்ளி மட்டும் போயிருக்கும். மனித ஆர்என்ஏவில் அது எங்கெங்கே இருக்கிறது என்ற முதல் வரைபடங்கள் 2012ல்தான் வந்தன. அதற்கும், அந்த மெத்திலைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்துத் துண்டுகளைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது.

சின்னக் குறிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வெளியே செய்த ஆர்என்ஏவைச் செலுத்தினால் நம் செல்கள் எதிரி வந்ததுபோல் எகிறும். நான்கு எழுத்துகளில் இன்னொன்றான யூரிடினுக்குப் பதில், அதன் லேசாக மாறிய வடிவமான சூடோயூரிடினை வைத்தால் அடங்கும். காரிக்கோ, வைஸ்மேன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2005ல் காட்டியது இது. 2023ல் நோபல். துபாயில் என் மச்சான் போட்டுக்கொண்ட ஃபைசர் கோவிட் ஊசியில் இருப்பது அதற்கு மெத்தில் போட்ட தம்பி. "உன் தோளில என் பாடம் ஏறியிருக்கு மச்சான்" என்றேன். "எனக்குக் காய்ச்சல்தான் ஏறிச்சு" என்றான். இங்கே எனக்குக் கிடைத்தது கோவிஷீல்டு.

எங்கள் வசதிக்கு டாட் பிளாட்தான். ஆர்என்ஏவை நைலான் தாளில் சொட்டாக வைத்து, ஆன்டிபாடியில் ஊறவைத்து, இருட்டறையில் ஃபிலிம் போட வேண்டும். முதல் தடவையே கன்னங்கரேலென்று புள்ளிகள். ஓடிப்போய் மேடத்திடம் காட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இதுல ரைபோசோம் ஆர்என்ஏ எவ்வளவு?" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. செல்லில் இருக்கும் ஆர்என்ஏவில் பெரும்பங்கு, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுடையது. அதன் 18எஸ், 28எஸ் என்ற இரண்டு ஆர்என்ஏக்களிலும் இதே குறி இருக்கிறது. நான் தூது என்று கொண்டாடியது பாதி ரைபோசோமாக இருக்கலாம்.

அப்புறம் ஆர்என்ஏவைப் பிடிக்கும் நுண்மணிகளைப் போட்டு, அடினின் வால் உள்ள தூதுகளை மட்டும் தூண்டில் போட்ட மாதிரி பிடித்தோம். கிடைத்தது கொஞ்சம். அதையும் இரண்டாம் முறை மணியில் ஏற்றி இறக்கினோம். மூன்று மாதம் போயிற்று. கடைசியில் ஃபிலிமில் நான்கு சொட்டு, ஒன்றைவிட ஒன்று மங்கலாக. நான் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அக்கா தோள்வழியே எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளு கெடந்து பாடுபட்டது இந்த நாலு புள்ளிக்கா மக்கா? கோலம்கூட போட முடியாதே."