இருப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்

வங்கியில் கேஷியர் வேலைக்கு ஒரு விசித்திரம் உண்டு. மாலையில் பெட்டியில் உள்ள பணமும் கணக்கில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து போட வேண்டும். கூடினால் அது அவருக்குச் சேராது. வங்கியின் தனிக் கணக்கொன்றில் வரவு வைக்கப்படும். புதிதாகச் சேருபவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து 2016 நவம்பரைக் கடந்தவர்களில் நானும் ஒருவன். வேலையில் தாக்குப்பிடிப்பது என்றால் என்ன என்பதில் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டென்றால், அவை அங்கிருந்து வந்தவை.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க் கிளை. நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அவை. 9ஆம் தேதி வங்கிகள் திறக்கவில்லை. 10ஆம் தேதி காலை நாங்கள் ஷட்டரைத் தூக்கியபோது வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. ஒருவர் மாற்றிக்கொள்ளும் வரம்பு 4,000 என்றார்கள். சில நாட்களில் 4,500 ஆனது. 18ஆம் தேதி முதல் 2,000 ஆகக் குறைந்தது. 24ஆம் தேதியோடு கவுண்டரில் மாற்றுவதே நின்றது. நடுவில், மாற்றியவர் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். 19ஆம் தேதி தஞ்சாவூர்த் தொகுதிக்கு இடைத்தேர்தல். "ஓட்டுப் போடுவதற்கு முன்பே மையா?" என்று வரிசையில் ஒரு பெரியவர் கேட்டார். தேர்தல் ஆணையத்துக்கும் அதே கவலை வந்து கடிதம் எழுதியது.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய அடி 14ஆம் தேதி விழுந்தது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. டெல்டா விவசாயிக்குக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வங்கியும்தான் பழக்கமான வாசல். அது அடைபட்டதும் எல்லோரும் எங்களிடம் வந்தார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துக்கொண்டிருந்தது. சம்பா வயலில் களையெடுத்த பெண்களுக்குக் கூலி கொடுக்கப் பணம் கேட்டு நிற்பவரிடம் நான் புதிய 2,000 ரூபாய் நோட்டை நீட்டினேன். "தம்பி, இதைக் கொண்டுபோய் நான் எத்தனை பேருக்குக் கிழித்துக் கொடுப்பேன்?" என்றார். பதில் இல்லை. நூறு ரூபாய்க் கட்டுகள் தீர்ந்து, ஒதுக்கி வைத்திருந்த அழுக்கு நோட்டுகளையே மறுபடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதல் சில நாட்கள் நாங்கள் செய்ததெல்லாம் சமாளிப்பு. "பணம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்வோம். மதியத்துக்குள் தீர்ந்துவிடும். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் கத்துவார்கள், கண்ணாடியைத் தட்டுவார்கள். எங்கள் தலைமைக் கேஷியர் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தவர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் காலையில் மேலாளரிடம், "சார், இருப்பு எவ்வளவு என்று வெளியே சொல்லிவிடுங்கள்" என்றார். மேலாளர் தயங்கினார். இவ்வளவுதான் இருக்கிறது என்று தெரிந்தால் கலவரமே வரும் என்பது அவர் பயம். பெரியவர் விடவில்லை. கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். இன்று கையில் இருக்கும் தொகை, ஆளுக்கு எவ்வளவு, எத்தனை டோக்கன். விதிப்படி வாரத்துக்கு 24,000 எடுக்கலாம். எங்களால் அதில் ஒரு பங்குகூடக் கொடுக்க முடியாத நாட்களில் அதையும் எழுதினோம்.

கலவரம் வரவில்லை. டோக்கன் கிடைக்காதவர்கள் திட்டினார்கள். திட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் கூலி மிச்சம் என்று ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. இல்லை என்ற பதிலைக்கூட மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், அது காலை எட்டு மணிக்கே கிடைத்தால். எங்களுக்கும் நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி அன்றே இறங்கியது. பொய்யைக் காப்பாற்றும் வேலை போய், பணம் எண்ணும் வேலை மட்டும் மிஞ்சியது.

தலைமைக் கேஷியரான அந்தப் பெரியவர் எங்களுக்குச் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். கார்த்திகை முகூர்த்தங்கள் வந்துவிட்டன. கல்யாணச் செலவுக்கு இரண்டரை லட்சம் வரை எடுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பத்திரிகை வேண்டும்; சமையல்காரர், பூக்காரர் என்று யார் யாருக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியல் வேண்டும்; அவர்களுக்கு வங்கிக் கணக்கு இல்லை என்ற உறுதிமொழியும் வேண்டும். ஒரு பெண்ணின் தகப்பனார் அத்தனையையும் சேர்த்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கொடுக்கப் பணம் இல்லை. அவருக்குச் சுற்றறிக்கையை விளக்க ஆரம்பித்தேன். பெரியவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். பிறகு தனியே சொன்னார்: "விதியை நீ போடவில்லை, அதற்காக நீ வாதாடாதே. அவர் கோபம் நியாயமானது, அதையும் மறுக்காதே. உன் பொறுப்பு அந்தப் பெட்டி." அந்தத் தகப்பனாரை மேலாளர் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, மூன்று தவணையாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அது போதுமானதா என்று நான் சொல்ல மாட்டேன்.

பக்கத்துக் கவுண்டரில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு பெண் இருந்தார். ஒரு மாலை அவர் கணக்கு டாலி ஆகவில்லை, நான்காயிரம் குறைந்தது. இரண்டு நோட்டு அதிகமாகப் போயிருக்க வேண்டும். இரவு வெகுநேரம் எல்லோரும் சேர்ந்து வவுச்சர்களைப் புரட்டினோம், கிடைக்கவில்லை. பணத்தை நாங்கள் பங்கு போட்டுக் கட்டிவிட்டோம், அது சுலபம். மறுநாள் அவர் கவுண்டருக்கு வர மறுத்தார், வேறு மேசை கேட்டார். பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. கல் மனது என்று அப்போது நினைத்தேன். ஆனால் அன்று முழுக்கத் தன் வேலையை மற்றவரிடம் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் எண்ணிய ஒவ்வொரு கட்டையும் இரண்டாம் முறை எண்ணினார். மறுநாள் மதியம் வரை மட்டும் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் ஸ்டூல் இல்லை. அந்தப் பெண் இப்போது வேறொரு கிளையில் மேலாளர்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில், பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்குப் பணம் போடப்பட்டபோது மறுபடியும் வரிசை நின்றது. கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்து வரச் சொல்லியிருந்தார்கள். அது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. பெரியவர் ஓய்வுபெற்று ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரும் உத்தரவிடாமலே எங்கள் கடைநிலை ஊழியர் பரணிலிருந்து கரும்பலகையை இறக்கித் துடைத்தார்.

இப்போதெல்லாம் மனத்திடம் பற்றிய பயிற்சி வகுப்புகளுக்கு எங்களை அனுப்புகிறார்கள். மூச்சுப் பயிற்சி, நேர்மறைச் சிந்தனை. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், எனக்கும் தூக்கம் வருகிறது. ஆனால் அந்த வகுப்புகளில் திடம் என்பது தனியாள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டிய சாப்பாட்டுப் பெட்டி போலப் பேசப்படுகிறது. அந்த நவம்பரில் ஒற்றைக் கேஷியரோடு இயங்கிய பக்கத்துக் கிளை ஒன்றில் இருந்தவர், என்னைவிட நிதானமானவர், என்னைவிட வேகமாக எண்ணுபவர். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட யாரும் இல்லை. அடுத்த ஆண்டே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்குத் திடம் போதவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கடைசியாகப் போன வகுப்பில் கேள்வி நேரம் வந்தபோது, எங்கள் கிளையில் காலியாக உள்ள இரண்டாம் கேஷியர் இடம் எப்போது நிரப்பப்படும் என்று கேட்டேன். அது தன் பாடத்தில் வராது என்றார் பயிற்சியாளர். பாவம், அவரும் தன் பெட்டிக்கு மட்டும்தான் பொறுப்பு. கேள்வியை எழுதி வட்டார அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். கீழே எங்கள் கிளையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.