அரத்தை வைக்க விடாதீர்கள்: பழைய வெள்ளி நாணயம் பார்க்கப் போன கதை

என்னிடம் ஒரு சொல் கேட்காமல், விளிம்பில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "வெள்ளிதான் தம்பி" என்றார் கடைக்காரர். 1895ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சதம். விக்டோரியா மகாராணியின் தலை அத்தனை தெளிவாக இருந்த நாணயம். சேகரிப்பவர்கள் இனி அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அம்மம்மாவின் தகர டப்பாவில் இருந்த நாணயங்களைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுமுன் தரம் பிரித்துத் தருவது என் பொறுப்பு. புதுச் சில்லறையைக் காந்தம் நொடியில் ஒதுக்கித் தந்தது. நிக்கல் முலாம் பூசிய உருக்கில் வந்த பத்து ரூபாய் போன்றவை ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். 1947ஆம் ஆண்டு இந்திய ஒரு ரூபாயும் ஒட்டியது. அது முழு நிக்கல்.

ஆபத்து ஒட்டாதவற்றில்தான். செம்பு நிக்கல் கலவை, பித்தளை எதுவும் காந்தத்துக்கு அசையாது. "ஒட்டவில்லையா, அப்படியானால் வெள்ளி" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என்.சி. வீதிப் பக்கம் இன்னொரு கடையில் இதற்கு நேர்மாறாக, "எல்லாம் முலாம், டப்பாவோடு தந்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். ஒன்றையாவது தராசில் போட்டுப் பார்க்கவில்லை.

முதலில் ஆண்டைப் படியுங்கள். டப்பாவில் வளையம் பற்றவைத்த ஐம்பது சதம் ஒன்று வெள்ளைவெளேரென்று மின்னியது. ஆண்டு 1943. அந்த ஆண்டு இலங்கையில் ஐம்பது சதம் நிக்கல் கலந்த பித்தளையில் வந்தது. வளையத்தின் அடியிலும் மன்னரின் கன்னத்திலும் தேய்ந்த இடங்களில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. யாரோ ஆசைப்பட்டு முலாம் பூசி அணிந்திருக்கிறார்கள். 1957 புத்த ஜயந்தி நாணயங்களிலும் கவனம் தேவை: ஐந்து ரூபாய் வெள்ளி, ஒரு ரூபாய் வெள்ளியன்று.

கடைசியில் கைகொடுத்தது தண்ணீர். நகை நிறுக்கும் சிறிய மின் தராசில் நாணயத்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் உதறிவிட வேண்டும். இல்லையேல் கணக்குப் பிசகும். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 1939க்கு முந்திய பிரித்தானிய இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், தேய்ந்தால் சற்றுக் குறையும். நீரில் ஏறத்தாழ 1.13 காட்டும், அடர்த்தி 10.3. செம்பு நிக்கல் 8.9ஐ ஒட்டி நின்றுவிடும். ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து வெள்ளிச் சதங்கள் 9.7 அளவில் வந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1919 முதல் இலங்கையின் வெள்ளிச் சதங்களில் வெள்ளி 55 சதவீதந்தான். அதற்கு முன் 80.

எண்களை எழுதிய தாளோடு அதே என்.சி. வீதிக் கடைக்குப் போனேன். "எல்லாம் முலாம்" என்றவர் இம்முறை தராசை முன்னால் இழுத்து, ஒவ்வொன்றாக நிறுத்தார். விலையும் சொன்னார். நான் ஒன்றையும் விற்கவில்லை.

இன்னொன்று: கறுத்திருக்கிறதே என்று புளியோ பற்பொடியோ போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிய முலாமானால் அடையாளமே போய்விடும், அசலானால் சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். கடையில் நாணயத்தை நீட்டும்போதே, "அரமும் அமிலமும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.