பேருவளை மணலும் ஈயக் கருவும்

யூலை 7, திங்கள்
பேருவளைக் கடற்கரை மணல் வந்து சேர்ந்தது. மாமி ஐஸ்கிறீம் டப்பாவில் அடைத்துத் தந்தவ. பழுப்பும் கறுப்புமாய், கையில் அள்ளினால் காலிமுகத்திடல் மணலைவிட நல்ல கனம். மொனசைற் என்ற கனிமம் கலந்தது, அதற்குள் கதிரியக்கமுள்ள தோரியம். காமா டிடெக்டரோடு வைத்துவிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் எடுத்தேன். இரவு முழுக்க எண்ணட்டும்.

யூலை 8, செவ்வாய்
இரவு ஏசி நின்றுபோச்சுதாம். அறை சூடேற, காமா நிறமாலையின் உச்சங்கள் இடம்மாறி அகன்று கிடக்குது. ஒருத்தரும் ஒரு கோல் எடுத்துச் சொல்லேல்லை. பொற்றாசியத்தின் 1461 கிலோ இலத்திரன்வோல்ற்று உச்சத்தை வைத்துத் திரும்ப அளவு திருத்தி, முதலிலிருந்து.

யூலை 9, புதன்
கிடைத்தது! வலக்கோடியில், பக்கத்தில் ஒரு துணையுமில்லாமல், 2615 கிலோ இலத்திரன்வோல்ற்றில் ஒரு சின்ன மேடு. தோரியச் சங்கிலியின் கடைசியில் வரும் தாலியம்-208, மூன்று நிமிட அரைவாழ்வோடு தேய்ந்து ஈயம்-208 ஆகிறது. அப்படிப் பிறக்கும் ஈயக் கரு அருட்டிய (சக்தி கூடிய) நிலையில் இருந்து இறங்கும்போது விடுகிற கதிர் அது.

யூலை 10, வியாழன்
போயா, பௌர்ணமி லீவு. லாப் பூட்டு. வீட்டில் வாசிப்பு.
ஈயம்-208இல் 82 புரோத்தன், 126 நியூத்திரன், இரண்டும் மாய எண்கள், அதாவது ஓடுகள் முழுதாய் நிரம்பும் எண்ணிக்கைகள். தரைநிலையில் சுழற்சி பூச்சியம், அதனால் காந்தத் திருப்புதிறனும் (கருவின் காந்த வலிமை) பூச்சியம். அருட்டினால்தான் சுழற்சி மூன்று; கரு பேரிக்காய் வடிவில் அதிரத் தொடங்கும். அப்போதுதான் "உன் காந்தம் எவ்வளவு?" என்று கேட்கவே முடியும். ஆனால் அந்த நிலையின் ஆயுள் பிக்கோ செக்கன் கணக்கு. காந்தமாக்கிய இரும்பு அல்லது கடோலினியத் தகட்டுக்குள்ளால் கருவைப் பறக்க விடுகிறார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான ரெஸ்லா காந்தப் புலம். காமா வெளிவரும் கோலம் சில மில்லி ரேடியன் திரும்பும். அந்தத் திரும்பலே விடை. எல்லாத் துகளும் சேர்ந்து சுழன்றால், காந்தத் திருப்புதிறனுக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதம் 82/208, ஏறக்குறைய 0.39. கூடினால் புரோத்தன்களின் கை ஓங்கியிருக்கு என்று எடுக்கலாம்.
வடிவத்திலும் வில்லங்கம். உருண்டை என்று படித்த இந்தக் கருவின் அருட்டிய நிலைகள் சற்றே தட்டையானவை என்று 2025இல் ஓர் ஆய்வு வந்திருக்கு.
அம்மா எட்டிப் பார்த்து, "ஈயத்தில காந்தம் ஒட்டாதே பிள்ளை?" என்றா. ஒட்டாதுதான். கருக் காந்தத்தின் அலகே இலத்திரனுடையதைவிட 1836 மடங்கு சின்னது. சொன்னேன். "அப்ப ஏன் மினக்கெடுறாய்?" என்றுவிட்டுக் குசினிக்குப் போனா.

யூலை 11, வெள்ளி
கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி, கலை பற்றி எழுத முந்தி, இலங்கையில் கனிமம் தேடித் திரிந்தவர். தோரியம் நிறைந்த கனிமமான தோரியனைற்று இங்கிருந்து 1904இல்தான் உலகத்துக்குப் போனது. முன்னமே தெரிந்திருந்தால் அந்தக் கல்லில் ஒரு துண்டு தேடியிருப்பேன். மொனசைற் மணலோடு இரவிரவாய்க் காத்திருக்கத் தேவையில்லை.
மாமி டப்பாவைத் திருப்பிக் கேட்டிருக்கிறா.