மெக்கால் தெருவில் எங்களுக்கு ஒரு அறை

மகளின் சிகிச்சைக்குப் போனபோது, டொராண்டோவில் அக்கா வீடு இருக்க, எதற்காக ஒரு தர்ம விடுதியில் போய்த் தங்கினீர்கள் என்று ஊரிலிருந்து இன்னும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் ஒரே இடத்தில் முழுதாக எழுதி வைக்கிறேன். கனடாவுக்குப் புதிதாக வந்து, பெரிய நகரத்தை விட்டு எங்கோ தள்ளி வேலை கிடைத்துக் குடியேறிய தமிழ்க் குடும்பம் எதற்காவது இது தேவைப்படலாம். யாருக்கும் தேவைப்படவே கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது சட்பரி. வடக்கு ஒன்டாரியோவில் நிக்கல் சுரங்கங்கள் உள்ள ஊர், டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கணவருக்குச் சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வந்து இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரி மாதம். நான்கு வயது மகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், காலில் அங்கங்கே நீலத் தழும்புகள். பனியில் விளையாடி விழுந்திருப்பாள் என்று நினைத்தேன். "கால் வலிக்குதும்மா, தூக்கிக்கோ" என்று மாடிப்படி ஏறாமல் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மாலைக்குள் லுகேமியா, ரத்தப் புற்றுநோய், என்று சொல்லிவிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாக வருவது இந்த வகைதான், பத்துக்கு ஒன்பது குழந்தைகள் குணமாகிறார்கள் என்றும் அதே மருத்துவர் சொன்னார், ஆனால் அந்தக் கணக்கு என் மனதில் இறங்க இரண்டு வாரம் ஆனது.

அன்று இரவே விமான ஆம்புலன்ஸில் மகளோடு நான் மட்டும் டொராண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனேன். கணவர் எட்டு வயது மகனைக் காரில் ஏற்றிக்கொண்டு கொட்டுகிற பனியில் 69ஆம் நெடுஞ்சாலை, அப்புறம் 400ஆம் நெடுஞ்சாலை என்று ஓட்டிக்கொண்டு மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். வார்டில் குழந்தையின் பக்கத்தில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். சரி, மற்ற இரண்டு பேர்? நோய், மருந்து, ஊசி என்று ஆயிரம் விஷயத்துக்கு நடுவே இந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. இரண்டு இரவு அவர்கள் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இருந்தார்கள், அந்த இரண்டு இரவுக்குக் கொடுத்த பணம் எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகை. மூன்றாம் நாள் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் பெரியம்மா மகள் அக்கா வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போனாள்.

அக்காவும் அத்தானும் பேஸ்மென்ட் முழுவதையும் ஒழித்துக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் காலையில் அங்கிருந்து மருத்துவமனைக்கு வர நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம், திரும்பவும் அதே. பத்தாம் நாள் மருத்துவர்கள் சொன்னதுதான் உண்மையான சிக்கல். மகள் வார்டை விட்டு வெளியே வரலாம், ஆனால் ஊருக்குப் போகக்கூடாது. முதல் கட்டச் சிகிச்சை நான்கைந்து வாரம், அதில் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். உடம்பு 38 டிகிரி செல்சியஸ் தொட்டு அப்படியே நின்றால் நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், கேட்காமல் காய்ச்சல் மருந்து கூடக் கொடுக்கக்கூடாது. அக்கா வீட்டில் பள்ளிக்குப் போகிற இரண்டு பையன்கள். பிப்ரவரியில் கனடாவில் பள்ளிக்குப் போகிற பிள்ளை மூக்கு ஒழுகாமல் வீட்டுக்கு வருமா?

மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கர் முதல் நாளே "தங்க இடம் இருக்கிறதா" என்று கேட்டிருந்தார். என் கணவர் "சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லி முடித்துவிட்டார். பத்தாம் நாள் நான் சோஷியல் வொர்க்கரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் என்ற பேர் என் காதில் விழுந்தது, நோயுள்ள பிள்ளைகளின் வெளியூர்க் குடும்பங்கள் தங்குகிற வீடு. என் கணவருக்கு மனசே இல்லை. "நமக்குச் சம்பளம் வருது, இலவச இடத்துல போய் உட்கார்ந்தா நல்லாவா இருக்கும், நம்மளவிடக் கஷ்டப்படுறவங்களுக்குப் போகட்டும்" என்றார். சத்திரத்தில் தங்குவது என்றாலே ஆளில்லாதவர்கள் செய்வது என்று நம் மண்டைக்குள் ஒன்று இருக்கிறது இல்லையா, அதுதான் இதுவும். சோஷியல் வொர்க்கர் பொறுமையாகச் சொன்னார்: சம்பளத்தைப் பார்த்து அறை கொடுப்பதில்லை, குழந்தையின் நோயையும் வீடு எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துத்தான். இரவுக்கு ஒரு சிறு தொகை கேட்பார்கள், முடியாவிட்டால் அதற்காக யாரையும் அனுப்புவதில்லை.

உடனே அறை கிடைக்கவில்லை, நிரம்பியிருந்தது. ஆறு நாள் காத்திருந்தோம். அதனால்தான் சொல்கிறேன், முதல் நாளே பேரைக் கொடுத்துவிடுங்கள், பிறகு வேண்டாம் என்றால் விட்டுக்கொடுத்துவிடலாம்.

வீடு இருப்பது மெக்கால் தெருவில், மருத்துவமனையிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரே நேரத்தில் 81 குடும்பங்கள் தங்கலாம். எங்கள் அறையில் படுக்கைகள், குளியலறை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். சமையலறை மட்டும் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு, ஒரு அலமாரி, அறை எண் ஒட்டி. அறைக்குள் சமைக்கக்கூடாது, சளி இருமல் உள்ள யாரும் உள்ளே வரக்கூடாது, நுழையும்போது கை கழுவ வேண்டும். வேறு எங்கேயாவது இப்படி விதிமுறை சொன்னால் கெடுபிடி என்று தோன்றும். அங்கே ஒவ்வொரு விதியும் என் மகளைக் காப்பாற்ற யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்தது என்று தெரிந்ததால் தினமும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மகனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சட்பரி பள்ளியில் அப்போதுதான் இரண்டு நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, நோயுள்ள பிள்ளைகளும் அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகளும் படிக்க. மொட்டைத் தலையோடு ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடும்போது அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தங்கச்சிக்கு முடி கொட்ட ஆரம்பித்த வாரம் அவன் அழவில்லை, "எங்க கிளாஸ்ல மூணு பேருக்கு இப்படித்தான்" என்று அவளிடம் சொன்னான்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது யார் என்று அங்கே இருந்தபோது தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1974இல் முதல் வீடு திறந்தது. ஈகிள்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில்லின் மகளுக்கும் லுகேமியா. அவரும் மனைவியும் மருத்துவமனை நாற்காலியில் தூங்கி இயந்திரத்தில் விற்கிற தீனியைச் சாப்பிட்டு நாளைக் கழித்திருக்கிறார்கள். அதே ஊரில் குழந்தைகளின் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்த ஆட்ரி எவன்ஸ், வெளியூர்ப் பெற்றோர் தங்க ஒரு வீடு வேண்டும் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர். அணியின் மேலாளர் ஜிம் மர்ரி உள்ளூர் மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர்களைப் பிடித்து, மில்க் ஷேக் விற்ற பணத்தைக் கொண்டு தொடங்கினார். கனடாவின் முதல் வீடு 1981இல் இதே டொராண்டோவில்தான், இப்போதைய கட்டடம் 2011இல் வந்தது. எல்லாச் செலவையும் மெக்டொனால்ட்ஸ் கம்பெனியே பார்க்கிறது என்று நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை, பெரும்பகுதி பொதுமக்கள் கொடுக்கிற நன்கொடை. நம் ஊரிலும் இது இல்லாமல் இல்லை. 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட்ஸ் அமைப்பு சென்னையிலும் புற்றுநோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களை இலவசமாகத் தங்கவைக்கிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்த வெளியூர்க்காரர்களைச் சின்ன வயதில் எத்தனை முறை தாண்டிப் போயிருக்கிறேன்! அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். அது பசியைக் கிளப்பிவிடும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து "ரசம் சாதம் வேணும்" என்பாள், இப்போதே வேணும், காலையில் இல்லை. நான் இறங்கிப் போய்ச் சமையலறையில் விளக்கைப் போட்டால் அங்கே ஏற்கனவே ஒருத்தி மகனுக்கு மக்ரோனி வேகவைத்துக்கொண்டிருப்பாள், எங்களைப் போல வடக்கு ஒன்டாரியோவில் டிம்மின்ஸ் ஊர்க்காரி. இன்னொரு அம்மாவுக்கு அரபி மட்டும்தான் தெரியும். நான் தாளிக்கிற வாசனைக்கு அவள் பக்கத்தில் வந்து நின்று கடுகை எடுத்துப் பார்ப்பாள். நாங்கள் மூன்று பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இன்றைக்கு வெள்ளணு எத்தனை என்று விரலில் காட்டுவோம், ஏறியிருந்தால் தோளைத் தட்டுவோம். சட்பரியில் ஒன்றரை வருஷம் இருந்து எனக்குக் கிடைக்காத அக்கம்பக்கம் அந்தச் சமையலறையில்தான் கிடைத்தது.

புளியும் பருப்பும் வாங்கப் போக 506ஆம் எண் டிராம் வண்டி. காலேஜ் தெருவில் ஏறினால் நேரே ஜெரார்ட் தெரு இந்தியக் கடைகளுக்குக் கொண்டுபோய் விடும். வீட்டில் உறை ஊற்றிய தயிர் இப்போதைக்கு வேண்டாம், கடையில் விற்கிற பாஸ்ச்சுரைஸ் செய்த பாலில் ஆன தயிரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று உணவு ஆலோசகர் சொன்னார். எல்லாம் அன்றன்று சமைத்துச் சூடாகக் கொடுத்தேன். அப்படிச் சமைக்க ஒரு அடுப்பு இருந்ததே, ஹோட்டல் அறையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

பண விஷயம் சுருக்கமாக: மருத்துவமனைச் செலவை ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் பார்த்துக்கொண்டது. வேலைக்குப் போகிற பெற்றோர் கடும் நோயுள்ள குழந்தையைப் பார்த்துக்கொள்ள மத்திய அரசின் வேலைக் காப்பீட்டில் 35 வாரம் வரை உதவித்தொகை இருக்கிறது, சம்பளத்தில் 55 சதவீதம், ஒரு உச்சவரம்போடு. அதற்கு 600 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கு ஒன்டாரியோக்காரர்களுக்குப் பயணப் படியும் உண்டு, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அக்காவுக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. "நான் இருக்கும்போது என் தங்கச்சி விடுதியில இருக்கா" என்று ஒரு வாரம் போனில் சரியாகப் பேசவில்லை. அத்தான் வேறு, ஊரில் என்ன சொல்வார்கள் என்றார். மூன்றாம் வாரம் அவள் சின்னப் பையன் ஃப்ளூவில் படுத்தான், அப்புறம் பெரியவன், அப்புறம் அத்தான். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு "நல்ல வேளைடி, நீ இங்க இல்ல" என்று சொல்லி அழுதாள். எல்லாரும் குணமான பிறகு ஒரு நாள் வந்து அந்தச் சமையலறையில் என்னோடு உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது மகளுக்கு நோய் திரும்பி வராமல் இருக்கக் கொடுக்கிற பராமரிப்புச் சிகிச்சை. மொத்தம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், ஆனால் பெரும்பகுதி சட்பரியிலேயே நடக்கிறது, எப்போதாவதுதான் டொராண்டோ. அக்கா தன் தோழிகள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அவ்வப்போது அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு சமைக்கிறாள். தன்னார்வலர்கள் அங்கேயே வந்து சமைப்பதுதான் வழக்கம். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு, காரம் குறைத்த சாம்பார், ஒவ்வொன்றிலும் என்ன போட்டிருக்கிறது என்று சீட்டு எழுதி வைப்பாள். போன மாதம் தண்டர் பேயிலிருந்து வந்திருந்த ஒரு அப்பா மூன்றாம் முறை சாம்பார் ஊற்றிக்கொண்டு, என் மகள் நாலு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் சாப்பிட்டாள், இந்தப் பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம். அக்கா ஒரு சீட்டில் 506 என்று எழுதி, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் கீழே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.