கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்

சாமி பொறித்த பழைய கிரேக்க, ரோமக் காசு சேர்க்கிறேன் என்று திருகோணமலையில் யாரிடமாவது சொன்னால் முதல் கேள்வி "எங்க தோண்டினனீ?" என்றுதான் வரும். அடுத்தது, "எவ்வளவுக்குப் போகும்?" இரண்டுக்கும் என் பதில் சப்பென்றுதான் இருக்கும். தோண்டவில்லை, காசு கொடுத்து வெளிநாட்டு ஏலங்களில் வாங்கினேன். விற்றால் வாங்கிய விலையில் பாதி வந்தாலே பெரிய காரியம். பதினொரு வருடத்தில் முப்பத்தொரு காசு சேர்ந்திருக்கிறது, அதில் ஒன்று போலி, ஒன்று அம்மா கைபட்டது. அந்த இரண்டின் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் அதற்கு முன் அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசல் தாண்டியதும் எனக்கு மான்களில்தான் கண். அம்மம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலையேறுவா. உள்ளே ஒவ்வொரு மூர்த்தமாகக் காட்டி "இது ஆர் சொல்லு" என்று கேட்பா. எண்ணெயும் புகையும் படிந்த கற்சிலை, விளக்கு வெளிச்சம், எனக்கு எல்லா முகமும் ஒன்றாகத்தான் தெரியும். "முகத்தைப் பார்க்காதை. கையில என்ன வைச்சிருக்கிறார், காலடியில என்ன நிக்குது எண்டு பார்" என்பா. வேலும் மயிலும் என்றால் முருகன், சங்கும் சக்கரமும் என்றால் பெருமாள், சூலமும் மாடும் என்றால் கேட்கவே வேண்டாம்.

இருபது வருடம் கழித்து, தேய்ந்துபோன ஒரு கிரேக்க வெள்ளிக்காசை யன்னல் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தபோதுதான் இந்தப் பாடம் எதற்குக் கிடைத்தது என்று தெரிந்தது. காசில் முதலில் தேய்வது மேடான இடம். கன்னம், மூக்கு, தலைமுடி எல்லாம் நூறு பேர் கை மாறியதும் வழுவழுப்பாகிவிடும். விளிம்போரம் பள்ளத்தில் கிடக்கும் ஆயுதமும் பறவையும் பெரும்பாலும் தப்பிவிடும். கழுகு இருந்தால் சியூஸ், யாழ் இருந்தால் அப்பல்லோ, இரண்டு பாம்பு பின்னிய கோல் இருந்தால் ஹெர்மிஸ், தடியில் ஒற்றைப் பாம்பு என்றால் வைத்தியக் கடவுள் அஸ்கிலிப்பியஸ். சாலுஸ் என்று ரோமருக்கு ஓர் ஆரோக்கிய தேவதை உண்டு, பல காசுகளில் அவள் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு பாம்புக்கு உணவு கொடுப்பாள். நாகதம்பிரானுக்குப் பால் வைத்துப் பழகிய வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அலெக்சாந்தரின் சின்ன வெள்ளிக்காசு, திராக்ம் என்பார்கள், நாலு கிராம் சொச்சம் வரும். அதில் சிங்கத்தோலைத் தலையில் போர்த்திய ஒரு முகம் இருக்கும். அதை அலெக்சாந்தர் என்றே பலரும் நினைக்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது கிரேக்கப் புராண வீரன் ஹெராக்கிளிஸ். மறுபக்கம் சியூஸ் கதிரையில் உட்கார்ந்திருப்பார், கையில் கழுகு. அலெக்சாந்தர் கி.மு. 323இல் செத்த பிறகும் பல ஊர்களில் இதே உருவங்களோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள், அதனால்தான் என்னைப் போன்றவர்கள் கூட ஒன்று வாங்க முடிகிறது.

அம்மம்மாவின் விதி சில இடத்தில் காலை வாரும். வட இந்தியாவை ஆண்ட குஷாண அரசன் வாசுதேவனின் காசைப் பாருங்கள். பேர் வாசுதேவன், ஆனால் காசின் பின்பக்கம் சூலத்தோடு ஒருவர், பின்னால் திமில் வைத்த மாடு. எங்கள் கண்ணுக்கு அது சிவன்தான், சந்தேகமே இல்லை. பக்கத்தில் கிரேக்க எழுத்தில் இருக்கும் பேர் ஒயெஷோ. சிவன்தான் என்று ஒரு சாராரும் ஈரானியரின் காற்றுக் கடவுள் என்று இன்னொரு சாராரும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். என் லாச்சியில் அவர் சிவன்.

சரி, போலிக் கதைக்கு வருவோம். காசு சேர்க்கும் எவருக்கும் ஏதென்ஸ் ஆந்தையில் ஓர் ஆசை இருக்கும். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட அத்தீனா, மறுபக்கம் எங்களை நேரே முறைத்துப் பார்க்கும் ஆந்தை, ஒலிவ் கிளை, மூன்று கிரேக்க எழுத்து. ஏதென்ஸுக்குக் கிட்ட இருந்த லோரியன் சுரங்கத்து வெள்ளி. இன்றைய கிரேக்க ஒரு யூரோக் காசில்கூட அதே ஆந்தைதான். நான் அதன் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேசைக்கு மேல் ஒட்டியிருந்தேன். அம்மா ஒவ்வொரு நாளும் கூட்ட வரும்போது அதைப் பார்த்து முகம் சுழிப்பா. "வீட்டுக்குள்ள ஆந்தையைக் கொண்டுவந்து வைக்கிறான்." அறிவுக் கடவுளின் பறவை அம்மா என்று விளங்கப்படுத்திப் பார்த்தேன். "அலறினா ஆரும் ஒராள் போகும். அறிவாம்" என்றா.

ஒருநாள் இணையத்தில் ஒரு விற்பனையாளர் ஆந்தை ஒன்றைத் தொண்ணூறு டொலருக்குப் போட்டிருந்தார். அந்த மலிவு விலையைப் பார்த்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. ஆறு வாரம் கழித்துத் தபால் கந்தோரில் கையெழுத்து வைத்து வாங்கி, வரும் வழியிலேயே சைக்கிளை நிறுத்தி உறையைக் கிழித்துப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, கொஞ்சம் கூடுதல் அழகு. அத்தீனாவின் கவசத்தில் உள்ள குஞ்சம் முழுதாக வட்டத்துக்குள் விழுந்திருந்தது. உண்மையான ஆந்தைகளில் பாதிக்கு மேல் அந்தக் குஞ்சம் வெட்டுப்பட்டுத்தான் இருக்கும், ஏனென்றால் கையால் சுத்தியலடித்த காசு, வெள்ளித் துண்டு அச்சைவிடச் சின்னது.

அடுத்த நாள் எங்களுக்குத் தெரிந்த பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கி விரல் நுனியால் விளிம்பைச் சுற்றித் தடவினார். "தம்பி, இஞ்ச அரம் போட்டிருக்கு." இரண்டு பாதி அச்சில் உருக்கி வார்த்தால் விளிம்பில் ஒரு கோடு வரும், அதை அராவி மறைத்திருக்கிறார்கள். பிறகு தராசில் வைத்தார். 15.4 கிராம். இருக்க வேண்டியது 17.2. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஒரு தேநீர்க் கோப்பையில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். தராசு 2.1 காட்டியது, காசு விலக்கிய தண்ணீரின் நிறை அது. 15.4ஐ 2.1ஆல் பிரித்தால் 7.3, அதுதான் உலோகத்தின் அடர்த்தி. வெள்ளி என்றால் பத்தரைக்குக் கிட்ட வர வேண்டும். "வெள்ளீயம் மாதிரிக் கிடக்கு" என்று நூலை அவிழ்த்துத் தந்தார், கூலி வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, மேசைக்கு மேல் இருந்த படத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. அடுத்த நாள் படம் அங்கே இல்லை.

போலி ஒரு வில்லங்கம் என்றால் எங்கள் ஊர்க் காற்று இன்னொரு வில்லங்கம். கடலுக்கு முந்நூறு மீற்றரில் வீடு. கச்சான் அடிக்கும் மாதங்களில் பரவாயில்லை, காய்ந்த காற்று. வாடை தொடங்கி மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். செம்பும் வெண்கலமும் உப்பையும் ஈரத்தையும் கண்டால் தாங்காது. முதலில் ஊசிமுனை அளவில் வெளிர் பச்சையாக ஒரு பொடி வரும், தட்டினால் உதிரும், அடியில் குழி விழுந்திருக்கும். பழைய காசின் கரும்பச்சைப் படலம் வேறு, இது வேறு. படலம் காசைக் காக்கும், இது தின்னும். ரோமப் பேரரசர் கொன்ஸ்தந்தீனின் காசு ஒன்று அப்படித்தான் பாதி போய்விட்டது. சூரியக் கடவுள் கையை உயர்த்தி நிற்பார், இப்போது அந்தக் கை இல்லை. அதன் பிறகு பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி, வெண்கலக் காசுகளை வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, குண்டு பல்பின் கீழே உலர்த்தி எடுக்கிறேன். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் தரச்சொல்லி ஊரில் பாதிப் பேரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது லாச்சியைத் திறந்தால் புதுச் சப்பாத்து மணம்.

2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனபோது வாங்குவதை நிறுத்தினேன். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை, எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்தக் காலத்தில்தான் ஒருவர் வீடு தேடி வந்தார், கையில் சொப்பிங் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் மண்ணோடு நாற்பது ஐம்பது செம்புக் குற்றிகள், பருப்பு அளவில். காணி கிண்டும்போது வந்ததாம். இலங்கையில் கிடைக்கும் ரோமக் காசு பெரும்பாலும் இந்த மாதிரித்தான், நாலாம் ஐந்தாம் நூற்றாண்டுச் சின்னச் செம்புக் காசும், அதைப் பார்த்து இங்கேயே அடித்த நகலும். கை துடித்தது. ஆனால் 1940இன் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து வருவது அரசுக்குச் சொந்தம், நான் தொட்டால் எனக்கும் அவருக்கும் வழக்கு. சட்டத்தை விடுங்கள், எந்தக் காணி, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்தது என்பதெல்லாம் போய்விட்டால் அந்தப் பருப்புகளுக்கு வாயே இல்லை. திணைக்களத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். கொடுத்தாரோ விற்றாரோ, முகத்தைப் பார்த்தால் கொடுக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, அந்தக் காசுகளில் எனக்கு வேண்டிய சாமி இல்லை. இங்கே ரோமச் செம்பு குவிந்த காலத்தில் அங்கே பேரரசர்கள் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். சியூசும் அப்பல்லோவும் காசிலிருந்து இறங்கிவிட்டார்கள், சிறகு முளைத்த வெற்றித் தேவதை மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறாள், மற்றபடி சிலுவையும் சிப்பாயும்தான். எங்கள் மண்ணில் சாமியைத் தேடுவதென்றால் யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கம் கிடைத்த லட்சுமித் தகடுகளைப் பார்க்க வேண்டும், இரண்டு யானை தண்ணீர் வார்க்க நடுவில் அவள் நிற்பாள். இன்னும் முந்திப் போனால் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிய கதை ஒன்று இருக்கிறது. பேரரசர் கிளோடியஸ் காலத்தில் ஒரு ரோமன் காற்றில் அடிபட்டு இந்தத் தீவில் கரையேறுகிறான், அவனிடமிருந்த தெனாரியஸ் என்ற வெள்ளிக்காசுகளை அரசன் பார்க்கிறான். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தலை, ஆனால் நிறை எல்லாம் ஒன்று, அதைக் கண்டு ரோமர் நேர்மையானவர்கள் என்று அரசன் முடிவு கட்டினானாம். முகத்தை விட்டு நிறையைப் பார்த்த அரசன், எங்கள் பத்தர் கட்சி.

கடைசியாக அக்ரிப்பா. ரோமப் பேரரசர் அகஸ்டசின் கடற்படைத் தளபதி, கி.மு. 31இல் அக்டியம் சண்டையை வென்று கொடுத்தவர். அவர் செத்துப் பல வருடம் கழித்துப் பேரன் கலிகுலா பேரரசனாக இருந்த காலத்தில் அடித்த செம்புக்காசு இது, பத்துக் கிராமுக்குச் சற்று மேல். முன்பக்கம் அக்ரிப்பா, தலையில் கப்பல் முகப்புகள் பதித்த கிரீடம். பின்பக்கம் கடற் கடவுள் நெப்டியூன் நிற்கிறார், நீட்டிய வலக்கையில் ஒரு டொல்பின், இடக்கையில் முச்சூலம். துறைமுகத்தில் பிறந்தவன் வாங்காமல் விடுவானா? என்னிடம் இருப்பதில் இதுதான் எனக்குப் பிடித்தது. சொக்லேட் நிறத்தில், எண்ணெய் பூசிய மாதிரி ஒரு படலம், இரண்டாயிரம் வருடம் யாரும் கெடுக்காமல் வைத்திருந்தது.

போன தைப்பொங்கலுக்கு முதல் நாள் நான் வேலையால் வரப் பிந்திவிட்டது. காசு மேசையில் இருந்திருக்கிறது, படம் எடுக்கவென்று காலையில் நான்தான் எடுத்துவைத்தேன். வந்து பார்த்தால் மேசை துடைத்து வெறுமையாக இருக்கிறது. கேட்டால் அம்மா சாமியறையைக் காட்டினா. குத்துவிளக்கு, தூக்குவிளக்கு, செம்பு, மணி எல்லாம் பளபளவென்று வரிசையில். கர்ப்பூரத் தட்டுக்குப் பக்கத்தில் என் அக்ரிப்பா, பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த்தும்பால் மினுக்கி, புதுச் செம்புக் காசு மாதிரி இளஞ்சிவப்பாக. மேலே சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

எனக்கு வாய் வரவில்லை. பழப்புளியின் புளிப்பு அந்தப் படலத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது, இனி அது திரும்ப வராது, ஏலத்துக்குப் போட்டால் "கடுமையாகச் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதிப் பாதி விலைக்கும் எடுக்க மாட்டார்கள்.

"ஏன் அம்மா?"

"சூலம் வைச்சிருக்கிறார். கறுத்துப் போய்க் கிடந்தார்" என்றா. பிறகு கிட்ட வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தா. "மற்றக் கையில என்ன, மீனா?"

"டொல்பின்."

"கடற்கரையில இருக்கிற சாமிதானே" என்று விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டா.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காசை எடுத்து லாச்சியில் வைத்தேன். குங்குமம் உதிர்ந்துவிட்டது. டொல்பினின் வாலுக்குக் கீழே பள்ளத்தில் சந்தனம் இறுகிப்போயிருக்கிறது, ஈர்க்கினால் மெதுவாகக் கிண்டினால் வந்துவிடும். நான் இன்னும் கிண்டவில்லை.